காட்டாத வெள்ளி: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பழைய வெள்ளிச் சாமான்களைப் பற்றித் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் தாய்மாமா சென்ற ஆண்டு காலமானார். அவர் ஆயுள் முழுவதும் சேர்த்த வெள்ளி, வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய இருக்கிறது. பன்னீர்ச் செம்பு, சந்தனப் பேலா, வெற்றிலைத் தட்டு, சாமி உருவங்கள் புடைத்த பழைய சென்னைத் தட்டு என்று ஊரில் எல்லோரும் பார்த்தவைதாம். கருமாதி முடிந்து, சாமான்கள் வைக்கும் உள்ளறையான அரங்கு வீட்டை ஒதுங்க வைத்தபோது மரக்கால், நாழிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பிஸ்கட் டின் கிடைத்தது. அதனுள் இணை இல்லாத கொலுசுகள், சிமிழ் இல்லாமல் மூடிகள் மட்டும், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைகள் நசுங்கியவை, காதுக் குறும்பி எடுக்கும் குச்சிகள், பெண் குழந்தைகளுக்குக் கட்டும் அரைமூடிகள் ஆகியவை இருந்தன. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் பொதிந்து வைத்திருந்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் யார் யாருடைய பெயர்களோ வெட்டியிருக்கின்றன. கூடவே ஒரு நோட்டு. அதில் தமிழ் மாதம், தேதி, பொருள், எடை மட்டும் எழுதியிருக்கிறார். விலை எங்கும் இல்லை. சில வரிகளை அடித்து, பக்கத்தில் ‘சேர்ந்தது’ என்று எழுதியிருக்கிறார்.

இப்படி ஒரு டின் இருப்பதே அத்தைக்குத் தெரியாது. ஏறக்குறைய 2 கிலோ இருக்கும், டவுனில் கொடுத்து உருக்கிவிடலாம் என்று அத்தான்மார் இருவரும் சொல்கிறார்கள். ஊரார் பெயர் போட்ட வெள்ளி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அத்தை அழுகிறார். மாமா தவறான வழியில் வாங்கியிருப்பாரோ என்று எனக்கும் ஒரு பயம் இருக்கிறது. இப்படிச் சேர்ப்பது ஒருவகை நோயா? இவற்றை என்ன செய்வது? படங்களையும் நோட்டின் இரண்டு பக்கங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். தங்கள் அத்தையின் கண்ணீருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அனுப்பிய படங்களையும் நோட்டின் பக்கங்களையும் நிதானமாகப் பார்த்தேன். களவுப் பொருளை வாங்குகிறவர் தேதியும் எடையும் போட்டுக் கணக்கு வைக்க மாட்டார். பெயர் வெட்டிய இடத்தை முதல் வேலையாக அராவி எடுத்துவிடுவார். தங்கள் மாமாவோ ஒவ்வொரு பெயரும் தெரியும்படி துணியில் பொதிந்து காப்பாற்றி வைத்திருக்கிறார். அவர்மீது ஐயம் கொள்ள அந்த டின்னில் எனக்கு ஒன்றும் தென்படவில்லை. நோய் என்று சொல்லவும் ஒன்றுமில்லை. அலமாரியா, டின்னா, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தால் அலமாரியை விட்டுவிட்டு டின்னை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பழைய வெள்ளியில் மனம் தோய்ந்தவர்கள் பெரும்பாலோரிடம் இரண்டு சேகரிப்புகள் இருக்கும். ஒன்று, வந்தவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்துக் காட்டுவது. மற்றது, கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் தெரியாமல் வைத்திருப்பது. தாமிரபரணிக் கரையில் இந்த இரண்டாம் வகையைச் சிலர் எனக்குக் காட்டியிருக்கிறார்கள், காட்டுவதற்கு முன் அறைக் கதவைச் சாத்திவிட்டு. பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், காதுக் குறும்பிக் குச்சிகளை மட்டும் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்றின் தண்டு கயிறுபோல் முறுக்கியது. ஒன்றின் தலையில் மயில். இன்னொன்றில் பல்குத்தியும் நகம் சுத்தம் செய்யும் அலகும் சேர்த்து ஒரே வளையத்தில் கோத்தது. முந்திய தலைமுறையின் ஆண்கள் இடுப்பு அரைஞாணிலோ மடிப்பையிலோ வைத்துக்கொண்டு நடந்த பொருள் அது. கல்லிடைக்குறிச்சியில் ஒருவர் குங்குமச் சிமிழ்களின் மூடிகளை மட்டும் வாங்குவார். அடிப்பாகம் கனமாக இருப்பதால் அதுதான் முதலில் உருக்குக்குப் போகும், மூடி இலேசு, எங்காவது தங்கிவிடும், ஆனால் ஆசாரி தன் கைவேலை முழுவதையும் மூடியில்தான் காட்டியிருப்பார் என்பது அவர் சொல்லும் நியாயம். பார்த்தவரையில் அது மிகவும் சரி.

ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் ஆச்சியிடம் இருப்பவை எல்லாம் ஒற்றைக் கொலுசுகள். படித்துறைகளில் மணலை அரித்துச் சில்லறையும் நகையும் எடுத்துப் பிழைப்பவர்களிடமிருந்து வாங்கியவை. ஒற்றைக் கொலுசை யாரும் வாங்க மாட்டார்கள், ஆகவே அது நேராக உருக்கும் மூசைக்குத்தான் போகும். ஆச்சி அதைச் சகிக்க முடியாமல் வாங்க ஆரம்பித்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரே இடத்தில்தான் பழுது: திருகாணியின் மரை தேய்ந்து வழுக்கிப்போயிருக்கும், அல்லது கொக்கியின் கண் நீண்டு வாய் பிளந்திருக்கும். குளித்துக் கரையேறிய ஒரு பெண், வீட்டுக்குப் போய்த்தான் ஒரு கால் வெறுமையாக இருப்பதைக் கண்டிருப்பாள். இன்னொரு கொலுசை அவள் வீட்டில் என்ன செய்தார்களோ என்று ஆச்சி ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டும்போதும் சொல்வார்.

அரைமூடியைப் பற்றித் தாங்கள் கடிதத்தில் சற்றுக் கூச்சத்தோடு எழுதியிருப்பது புரிகிறது. மாமாவும் அந்தக் கூச்சத்தினால்தான் அதை முன்னறையில் வைக்காமல் இருந்திருப்பார். அரசிலை வடிவில் வெள்ளித் தகட்டை வெட்டி, விளிம்பில் புள்ளி வரிசை தட்டி, நடுவில் பூவோ கிளியோ செதுக்கி, அரைஞாணில் கோத்துப் பெண் குழந்தைக்குக் கட்டினார்கள். தைத்த உடை வீட்டுக்கு வீடு வந்த பிறகு அது வழக்கொழிந்தது. மெட்டியும் கொலுசும் காலத்துக்கேற்ப மாறி இன்றும் விற்பனையில் இருக்கின்றன. அரைமூடிக்கு அந்த வாய்ப்பே இல்லை. இனி எவரும் செய்யச் சொல்லப்போவதில்லை என்பதால் இருப்பது மட்டுமே மிச்சம். படத்தில் நான்கு தெரிகின்றன. அவற்றுள் கிளி செதுக்கியது எந்தக் கண்ணாடி அலமாரியிலும் நடுத்தட்டில் வைக்கத் தகுந்த வேலைப்பாடு.

ஒரு வகையை மட்டும் நான் ஏற்பதில்லை. சங்கரன்கோவிலில் பாம்பும் தேளும், மற்ற தலங்களில் கண்ணும் காலும் கையும் தகட்டில் வாங்கி நேர்த்திக்கடனாக உண்டியலில் சேர்க்கிறோம். வேண்டிக்கொண்டு சாமிக்குச் சேர்த்துவிட்ட உருவைப் பிறகு எவரிடமிருந்தோ வாங்கி வீட்டில் பூட்டி வைப்பது எனக்கு ஒவ்வாதது. இதே மனத்தடையுள்ள நண்பர் ஒருவர், உருக்களை விட்டுவிட்டு அவற்றை அடிக்கும் பழைய அச்சுகளைச் சேர்க்கிறார். வேலையும் தெரிகிறது, நேர்ச்சைக்கும் பங்கமில்லை. மாமாவின் டின்னில் அத்தகைய உரு ஒன்றும் இல்லை என்பதையும் கவனித்தேன்.

இது நம் பக்கத்து வழக்கம் மட்டுமன்று. வெள்ளியைப் பெரிய கலையாகப் போற்றும் இங்கிலாந்திலும் தேநீர்க் கெண்டிகளும் மெழுகுவத்தித் தண்டுகளும் மேலே நிற்க, இழுப்பறைக்குள் வேறு ஓர் உலகம் இருக்கும். வினிகரெட் என்ற சிறு டப்பியை மட்டும் தேடுபவர்கள் உண்டு. ஊர் நாற்றத்தைத் தாங்குவதற்காக, வாசனை கலந்த காடியில் (வினிகரில்) நனைத்த பஞ்சை அதற்குள் வைத்து, மேலே சல்லடைத் தகடு போட்டு, மூக்கருகே பிடித்துக்கொள்வார்கள். காடி வெள்ளியை அரிக்கும் என்பதால் உட்புறம் முழுவதும் தங்க முலாம் பூசியிருக்கும். பர்மிங்ஹாமில் நதானியேல் மில்ஸின் பட்டறை, மூடியில் கோட்டைகளையும் தேவாலயங்களையும் புடைத்துச் செய்தவற்றுக்கு இன்றும் தனி மதிப்பு. தேயிலை அள்ளும் குட்டைக் காம்புக் கரண்டிகளைக் குதிரைப் பந்தயக்காரரின் தொப்பி வடிவிலும் சிப்பி வடிவிலும் செய்தார்கள். அவற்றுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மது ஜாடியின் கழுத்தில் சங்கிலியிட்டுத் தொங்கவிட்ட பெயர்த் தகடுகளை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. 1860இல் சட்டம் மாறி, லேபிள் ஒட்டிய புட்டிகளைக் கடையில் ஒவ்வொன்றாக விற்க வழி பிறந்ததும் அந்தத் தகடுகளுக்கு வேலை குறைந்துபோயிற்று. சட்டைப் பையில் அடங்கும் வெள்ளி ஜாதிக்காய்த் துருவி இன்னொன்று. குற்றாலத்துக் கடைகளில் ஜாதிக்காயைக் கூறு கட்டி விற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு காயைத் துருவிப் பானத்தில் தூவிக்கொள்ள வெள்ளியில் கருவி செய்து அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள் என்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

அங்கே இன்னும் ஆழமாக மறைத்து வைக்கும் ஒரு வகை உண்டு: பித்தலாட்டம் செய்த பொருள்கள். இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதனைச் சாலையில் கொடுத்து முத்திரை பெற வேண்டும். தரத்துக்கு நடக்கும் சிங்கம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, 1773இல் சோதனைச் சாலை வந்த பிறகு பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று ஒரு கெண்டியின் அடியைப் பார்த்தே ஊரையும் ஆண்டையும் சொல்லிவிடலாம். 1720இல் அவுன்சுக்கு 6 பென்ஸ் வரி விதித்ததும் சில பட்டறைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். சிறிய பொருள் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்துச் சிறிய வரி கட்டி முத்திரை வாங்கி, அந்த முத்திரைத் துண்டை வெட்டியெடுத்துப் பெரிய கெண்டியின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. வாயருகே வைத்து ஊதினால் மூச்சின் ஈரம் படியும்போது பற்றவைத்த கோடு தனியாகத் தெரியும். இந்த உத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தங்களுக்குப் பயன்படும்.

அவர்கள் மறைப்பதற்கும் நம் பக்கத்தில் மறைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அவர்களுக்கு, இவ்வளவு அற்பமான பொருளுக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்பார்களே என்ற கூச்சம். இங்கே அந்தக் கூச்சத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நம் வீடுகளில் வெள்ளி, பெயர் வெட்டிய வெள்ளி. சீர் கொடுத்த வெள்ளியில் பெண்ணின் பெயரும் தகப்பனாரின் முதலெழுத்தும் ஊரின் எழுத்தும் இருக்கும். அது வேறொரு வீட்டில் இருக்கிறது என்றால், அந்த வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியவில்லை, அல்லது ஒரு பிள்ளையின் படிப்புக்கு வழியில்லை, அல்லது ஒரு சாவுக்குச் செலவிடக் காசில்லை என்று பொருள். அடகுக் கடையில் வைத்தது மீட்க முடியாமல் மூழ்கிப்போகும். மூழ்கியது ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் உருக்கிவிடுவார். தமிழ்நாட்டு அடகுக் கடைக்காரர் சட்டம் 1943இலிருந்து இருக்கிறது. மீட்காத பொருளை முறையாக ஏலம் விட்டு விற்பது சட்டப்படி நடப்பதுதான். தங்கள் மாமா வாங்கியதும் இந்தப் பாதையின் கடைசி வளைவில், உருக்குவதற்கு ஒதுக்கிய தட்டிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

இதற்கு அவருடைய நோட்டே சான்று. தாங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களிலும் வரிகள் பெரும்பாலும் ஆனியிலும் ஐப்பசியிலும் குவிந்திருக்கின்றன. ஆற்றுப் பாசனத்தில் ஆனி என்றால் கார் பருவ நெல் நடவு, பள்ளிக்கூடமும் திறந்திருக்கும். ஐப்பசியில் அடுத்த நெற்பருவமான பிசானத்துக்கு உழவும் நாற்றும் கூலியும். கையில் காசு இல்லாமல் பெட்டியைத் திறக்கும் மாதங்கள் அவை இரண்டுந்தான். அறுப்பு முடிந்த மாசியிலும் பங்குனியிலும் நோட்டில் ஒரு வரியும் இல்லை. அப்போது மீட்பார்களே தவிர விற்க மாட்டார்கள். களவுக்குக் கார் ஏது, பிசானம் ஏது? விலை எழுதாமல் விட்டதற்கும் காரணம் இருக்கும். விற்கிறவன்தான் வாங்கிய விலையை எழுதி வைப்பான்.

இப்போது அந்தப் பாலாடைகளுக்கு வருகிறேன். டின்னில் என்னை மிகவும் கவர்ந்தவை அவைதாம். அதே வகையில் ஒன்று என்னிடமும் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஓடம் போன்ற உருவம். மூக்கின் நுனியில் ஊசி முனை அளவில் நாலைந்து பள்ளங்கள் இருக்கின்றன. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குப் பல் முளைத்து, அது கடித்த தடங்கள். அடியில் புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய ஒரு பெயர். அதன் மேல் குறுக்கே அராவிய கீறல், கீழே வேறொரு கையெழுத்தில் இன்னொரு பெயர். மூக்கு ஒரு முறை ஒடிந்து, பொடி வைத்து ஊதி ஒட்டவைத்திருக்கிறார்கள். மூச்சை ஊதினால் அந்த இடம் மங்கலான வளையமாகத் தெரிகிறது. பெயருக்குப் பக்கத்தில் ‘கொ 1075’ என்றும் ‘4 ரூ எடை’ என்றும் இருக்கிறது.

கொல்லம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களில் எல்லாம் இருப்பது. அதனோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1075 என்றால் 1899-1900. ரூபாய் எடை என்பதற்கு ஒரு வரலாறே உண்டு. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயை ஒரே அளவில் அடிக்கத் தொடங்கியது: எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விக்டோரியா ராணி தலை போட்டதும் எட்வர்டு தலை போட்டதும் அதே எடை, அதே மாற்று, அதாவது அதே தூய்மை. ஆகவே நாணயமே படிக்கல்லாகவும் பயன்பட்டது. சாமான் செய்ய வேண்டுமென்றால் ரூபாயை எண்ணிக் கொடுத்து, ஆசாரியைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, கண்ணெதிரே மூசையில் உருக்கச் செய்வார்கள். நூறு ரூபாய்க் குடம் என்றால் நூறு ரூபாய் நாணயத்தை உருக்கிச் செய்தது என்றுதான் பொருள். 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள், 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. அதோடு அந்த வழக்கமும் ஓய்ந்தது. நாலு ரூபாய் எடை என்றால் 46 கிராமுக்குச் சற்று அதிகம். என் பாலாடை இப்போது 43 கிராம்தான் இருக்கிறது. குறைந்த 3 கிராமும் ஒரு நூற்றாண்டுக் காலம் எத்தனையோ பெண்கள் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்ததில் கரைந்தது.

நம் நாட்டுப் பழைய வெள்ளியில் இங்கிலாந்தைப்போல ஊர் முத்திரையோ ஆண்டெழுத்தோ கிடையாது. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரைப் பொறித்தன. திண்ணையில் உட்கார்ந்து ஊதிய ஆசாரி எதையும் பொறிக்கவில்லை. வெள்ளிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் வந்ததே 2005இல்தான். 2025 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாள எண் தரும் முறை வந்திருக்கிறது, அதுவும் விருப்பத்தின் பேரில்தான். ஆகவே நம் பக்கத்து வெள்ளியின் காலத்தையும் ஊரையும் சொல்வதற்கு, உடையவர்கள் வெட்டிய பெயரும் கொல்லம் ஆண்டும் ரூபாய் எடையும் தவிர வேறு சான்று இல்லை. அலமாரியில் இருக்கும் பன்னீர்ச் செம்பைப் பாருங்கள்: கடைக்காரர் விற்பதற்கு முன் மெருகேற்றி, பெயரை மழித்திருப்பார். அழகான பொருள்தான், ஆனால் எங்கே பிறந்தது என்று அதைக் கேட்டு அறிய முடியாது. டின்னில் இருப்பவை வாய் திறந்து பேசும். அலமாரியை விட்டுவிட்டு டின்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னது இதனால்தான்.

‘சேர்ந்தது’ என்று எழுதி அடித்த வரிகளைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். என் ஊகத்தைச் சொல்கிறேன். பெயரைக் கொண்டு குடும்பத்தை அறிய முடிந்தவற்றை மாமா உரியவர்களிடமே சேர்ப்பித்திருக்கிறார். அந்த இரண்டு பக்கங்களில் அடித்த வரிகள் ஐந்தும் பெயர் வெட்டிய பொருள்கள். பெயரில்லாத மூடிகளுக்கோ குச்சிகளுக்கோ அப்படி ஒரு குறிப்பும் இல்லை. விற்றிருந்தால் ‘விற்றது’ என்று எழுதியிருப்பார், தொகையும் போட்டிருப்பார். யாரிடம் கொடுத்தார் என்பதை எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் குடும்பத்தின் கஷ்டம் தன் நோட்டின் வழியாகக்கூட வெளியே போகக் கூடாது என்று நினைத்த மனிதர் அவர். அத்தையிடம்கூடச் சொல்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மூன்று தெரு தள்ளியிருக்கும் ஒரு வீட்டுப் பாலாடை தன் அரங்கில் இருப்பது தெரிந்துவிட்டால், கோயிலில் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கும்போது அத்தையின் முகம் இயல்பாக இருக்குமா?

உருக்குவதைப் பற்றி அத்தான்மார் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. 2025இல் வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டி மேலும் ஏறியதிலிருந்து பல வீடுகளில் இதே பேச்சுதான். பணத் தேவை உள்ளவர்களிடம் கலையைப் பேசுவது முறையும் ஆகாது. ஆனால் கடையில் என்ன நடக்கும் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளட்டும். பற்றவைத்த இடங்களைக் காட்டிக் கழிவு பிடிப்பார்கள், தூய்மையைச் சோதிக்கும் டச் மெஷினில் மாற்று குறைவாகக் காட்டினால் அதற்கும் பிடிப்பார்கள். படங்களில் மூன்று மூடிகள் ஓரத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. அவை ஜெர்மன் சில்வராக இருக்கலாம். பெயர்தான் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அதில் வெள்ளி துளியும் இல்லை. எல்லாம் போகக் கையில் வருவது அத்தான்மார் நினைக்கும் தொகையாக இராது. விலை ஏறும்போது உருக்குவதால் வரும் இழப்புக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1980 ஜனவரியில், அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் அவுன்ஸ் விலை 50 டாலரை நெருங்கியது. நூற்றாண்டுப் பழமையுள்ள கெண்டிகளும் தட்டுகளும் கூடை கூடையாக உருக்குக்குப் போயின. மார்ச் இறுதிக்குள் விலை சரிந்துவிட்டது. போன சாமான்கள் போனவைதாம்.

பணம் தேவையென்றால் அலமாரியிலிருந்து கொடுக்கலாம். அந்தப் பொருள்களை எடைக்குக் கொடுக்காமல், பழம்பொருள் அறிந்தவர்களிடம் காட்டுங்கள். சாமி உருவங்கள் புடைத்த சென்னைத் தட்டு ஒன்றுக்கே எடை விலையைவிட நல்ல விலை கிடைக்கும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது என்பதால், வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

டின்னில் உள்ளவற்றைத் தயவுசெய்து புளியோ பவுடரோ போட்டுத் தேய்க்காதீர்கள். கறுத்திருப்பது காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்த மேற்படலம், அது பொருளுக்குக் கேடு செய்யாது. தேய்ப்பதுதான் எழுத்தை அழிக்கும். அழுக்கு மிகுதியாக இருந்தால் வெந்நீரில் கொஞ்சம் சோப்பு விட்டு மெல்லக் கழுவி, பருத்தித் துணியில் ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கம்பளியும் அருகில் வேண்டாம், மூன்றிலும் கந்தகம் உண்டு. மாமா பொதிந்த வேட்டித் துணியே போதுமானது. அவர் விவரம் தெரிந்துதான் அதைத் தேர்ந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, நோட்டின் வரியோடு பொருத்தி எண்ணிட்டுக்கொள்ளுங்கள். அராவிய பெயர்கள் நேர் வெளிச்சத்தில் தெரியாதவைகூடச் சாய்வில் தெரியும். அதிலும் தெரியாவிட்டால் மூச்சை ஊதிப் பாருங்கள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கருத்துக் கேட்கலாம், அரைமூடிகளையாவது அவசியம் காட்டுங்கள்.

பெயர்களைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். படங்களைக் குழுக்களில் போட வேண்டாம். எனக்கு அனுப்பியவற்றையும் நான் வெளியிடவில்லை. மீதியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்ற கேள்வி தங்களுக்கு எழும். பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவது கூடாது. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தனியாகச் சொல்லி, அவர் வேண்டும் என்றால் கொடுக்கலாம். வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அத்தான்மார் இல்லாத ஒரு பகலில் அத்தையை உட்கார வைத்து, நோட்டில் அடிக்காமல் இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, பொருளை அவர் கையில் கொடுங்கள். நீங்களும் நானும் படத்தை வைத்துக்கொண்டு முழிக்கும் அந்த முதலெழுத்துகள் அத்தைக்குத் தெரிந்திருக்கும். எந்த ஊரில் கட்டிக்கொடுத்த பெண், எந்தத் தெரு வீடு, இப்போது யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் அவர் சொல்லக்கூடும். சொல்லச் சொல்ல நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். அவர் அடையாளம் சொன்ன பெயர்களோடு மீண்டும் எழுதினால், கொல்லம் ஆண்டுகளைச் சரிபார்ப்பதில் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

அன்புடன்.